ஊர்தியின் முகவிளக்கு மங்குதலும் அதனைத் தெளிவித்தலும்

விளக்கு எத்துணைப் பெரிதாயினும் அதன்முன் ஒரு திரையைத் தொங்கவிட்டால் வீடு இருண்டேயிருக்கும். இது சிறு குழந்தையும் அறிந்த செய்தி. ஆயினும் நம் சாலைகளில் இரவில் ஓடும் மோட்டார் வண்டிகள் பல, தம் விளக்கின்முன் மஞ்சள் நிறத் திரையொன்றைத் தொங்கவிட்டுக்கொண்டே ஓடுகின்றன. அத்திரை துணியாலாயதன்று. விளக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் வில்லையே நாளடைவில் திரையாக மாறிவிடுகின்றது. மக்கள் அதனைக் கண்ணாடி என்றே வழங்குவர். அது கண்ணாடியன்று என்பதை அறியாமையே பல பிழைகட்குக் காரணமாகின்றது. அவ்வில்லை மங்குவது ஏன், அதனைத் தீங்கின்றித் தெளிவிப்பது எங்ஙனம், எந்நிலையில் அம்முயற்சியைக் கைவிட்டுப் புதுவிளக்குப் பூட்டவேண்டும் என்பவற்றை ஈண்டு முறையே கூறப்புகுகின்றோம்.

காரைக்கால் சாலையில் ஓரிரவு

காவிரியின் கிளைகளுள் ஒன்றாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்தது காரைக்கால். 1739 ஆம் ஆண்டில் பிரஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சிக்கு மாறி, 1962 ஆகஸ்டு 16 ஆம் நாளில் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த இச்சிறு நிலப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஒரு மாவட்டமாக உள்ளது. தமிழ்நாட்டு நிலம் இதனை மூன்று புறமும், கடல் ஒரு புறமும் சூழ்ந்துள்ளன. வடக்கே தரங்கம்பாடியிலிருந்து தெற்கே நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலை இதனூடே செல்கின்றது.

இச்சாலை இரவிலும் உறங்குவதில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள் தொடங்கிச் செப்டம்பர் 8 ஆம் நாள் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவிற்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கால்நடையாக வருவோர், பகலின் வெம்மைக்கு அஞ்சி இரவிலும் விடியலிலும் இவ்வழியே நடந்து செல்வர். சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு வருவோரும் பலர். அறுவடைக் காலத்தில் சாலையின் ஓரத்தில் நெல் உலர்த்துவார்கள். அதன் அருகே காவலுக்குப் படுத்திருப்பாரும் உண்டு. விளக்கில்லாத சைக்கிளில் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்படுவார் மற்றொருவர். மார்கழி, தை மாதங்களில் வயல்களினின்று எழும் பனிமூட்டம் இவர்கள் அனைவரையும் மறைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அத்திருவிழாக் காலத்தில் ஓரிரவு, நண்பர் ஒருவரின் பழைய காரில் யாம் நாகூர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். வண்டி வேகமாகவும் செல்லவில்லை. திடீரெனச் சாலையின் இடப்பக்கத்தில் ஐந்தாறு பேர், மூட்டை தாங்கிய தலைகளோடு, வண்டியின் மூக்கிற்கு நேரே தோன்றினர். ஓட்டுநர் வண்டியை வலப்புறம் ஒடித்தமையால் ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. அவர்களுள் ஒரு மூதாட்டி கீழே விழுந்த தம் மூட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் கூறாது நடந்தார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஐயா, போன வாரந்தான் புது பல்பு போட்டேன். எனக்கு ஆள் இருப்பதே தெரியவில்லை” என்றார். இறங்கிச் சென்று விளக்கைப் பார்த்தோம். பல்பு நன்றாகவே எரிந்தது. அதன் முன்னிருந்த வில்லையோ, பழைய கொம்புச் சீப்பைப் போல மஞ்சளித்து மங்கியிருந்தது. இக்கட்டுரை எழுந்ததற்கு அவ்விரவே காரணம்.

ஒரு சிறு கணக்கு

இவ்வாபத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழுதுற்று மஞ்சளித்த முகவிளக்குகள் புதியவை தரும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே தருகின்றன என்றும், தேய்த்துத் தெளிவித்தபின் நூற்றுக்கு 70 பங்கு வரை தருகின்றன என்றும் கண்டனர். ஒளியின் செறிவு தூரத்தின் இருபடிக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்பதை மாணவர் அறிவர். எனவே ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், ஒரு பொருள் அதே அளவு ஒளிபெறும் தூரம் பாதியாகும். புதிய விளக்கில் 60 மீட்டர் தொலைவில் ஒருவர் தென்படுவாராயின், மங்கிய விளக்கில் அவர் தென்படுவது 30 மீட்டருக்கு உட்பட்டே ஆம். ஒளி நூற்றுக்கு 70 பங்காக மீண்டால் அத்தொலைவு 50 மீட்டராக உயரும்.

இனி வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரத்தை நோக்குவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகின்றது. ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் பின்னும் 23 மீட்டர் அளவு ஓடியே நிற்கும். ஆக 48 மீட்டர் வேண்டும். மங்கிய விளக்கு காட்டுவதோ 30 மீட்டர். தெளிவித்த விளக்கு காட்டுவது 50 மீட்டர். ஒரு மனிதர் உயிரோடிருப்பதும் இல்லாமற்போவதும் இவ்விரண்டு எண்களுக்கு இடையே அடங்கிவிடுகின்றன. வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தால், நிற்பதற்கு 27 மீட்டர் போதும். ஆதலின் விளக்கைத் தெளிவிக்கும் வரையில் இரவில் மெதுவாகச் செல்லுதலே முதற்கடமை என்க.

வில்லையின் வரலாறு

பிரஞ்சு நாட்டு அறிஞர் அகஸ்டின் பிரெனெல் என்பார், கனமான ஒரே வில்லைக்கு மாறாகப் பல கண்ணாடி வளையங்களை அடுக்கி ஒளியைத் தொலைவிற்குச் செலுத்தும் முறையைக் கண்டார். அம்முறையில் அமைந்த பெருவிளக்கு 1823 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றப்பட்டது. பழைய மோட்டார் முகவிளக்குகளின் கண்ணாடியிலும் இத்தகைய வரிகளும் பட்டைகளும் இருந்தன. அவை வெறும் மூடியல்ல. ஒளியைச் சாலைமேல் பரப்பும் வேலையையும் அவையே செய்தன. அமெரிக்காவில் 1940 முதல் வழங்கிய முழுதும் கண்ணாடியாலாய மூடிய விளக்குகளும், நம் நாட்டில் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாசிடர் காரின் வட்ட விளக்கும் இவ்வகையின. அக்கண்ணாடி கல்பட்டு உடையுமேயன்றி வெயிலால் மஞ்சளிப்பதில்லை.

இதற்கிடையே பாலிகார்பனேட் என்னும் பொருள் தோன்றியது. 1898 ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஐன்ஹார்ன் என்னும் ஜெர்மானியர் இவ்வினப் பொருளை முதலிற் செய்தனராயினும், அது பயன்படாது கிடந்தது. 1953 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பாயர் கம்பெனியைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னெல் என்பாரும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த டேனியல் பாக்ஸ் என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே இதனைத் தொழிலுக்கு ஏற்றவாறு செய்தனர். இது கண்ணாடியின் எடையில் பாதியளவே உடையது, சுத்தியால் அடித்தாலும் எளிதில் உடையாதது, எவ்வடிவத்திலும் வார்க்கத்தக்கது. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பல்பை மட்டும் கழற்றி மாற்றத்தக்க விளக்குகளை அனுமதித்தபின், பிளாஸ்டிக் வில்லை அங்கே விரைந்து பரவிற்று. ஐரோப்பாவிலும் 1990 களில் அது வழக்கிற்கு வந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் முகவிளக்கு இப்பொருளாலாயதே. ஒளியைப் பரப்பும் வேலையை இப்போது உள்ளிருக்கும் பிரதிபலிப்பானோ வேறு உள்வில்லையோ செய்கின்றது. வெளிவில்லை தெளிந்த மூடியாக இருந்தாற் போதும். அத்தெளிவு கெட்டால் ஒளி சாலையில் விழாது நாற்புறமும் சிதறுகின்றது. நமக்கு இருளும், எதிரே வருவார்க்குக் கண்கூச்சமும் ஒருங்கே விளைகின்றன.

மங்குதற் காரணம்

பாலிகார்பனேட்டுக்குப் பகைவர் மூவர்: வெயில், மணல், தகாத மருந்து.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இப்பொருளின் மூலக்கூற்றுப் பிணைப்புக்களைச் சிதைத்து, மஞ்சள் நிறமுள்ள புதுப்பொருள்களை மேற்பரப்பில் உண்டாக்குகின்றன. இதனைத் தடுத்தற்பொருட்டே தொழிற்சாலையில் வில்லையின் வெளிப்புறத்தில் கடினமும் தெளிவும் வாய்ந்த ஒரு மெல்லிய காப்புப் பூச்சுப் பூசுகின்றனர். அப்பூச்சு நிற்கும் வரையில் வில்லை தெளிவாயிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெடித்து, செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்தில் உள்ளிருக்கும் பாலிகார்பனேட் வெயிலுக்கு நேரே ஆட்பட்டு மஞ்சளிக்கும். காரைக்கால் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளமையின், ஈண்டு வெயிலுக்குக் குறைவில்லை. நிழலின்றி நாள் முழுவதும் கடற்கரையில் நிற்கும் வாடகைக் கார், கொட்டகையில் நிற்கும் காரினும் விரைவில் இந்நிலை எய்துதல் இயல்பே.

இரண்டாவது மணல். கடல்மணலிற் பெரும்பகுதி படிகக்கல் துகள். அது கண்ணாடியையும் கீறவல்லது. பிளாஸ்டிக்கை எளிதிற் கீறும். கடற்காற்றின் உப்பு தானே வில்லையை மஞ்சளாக்குவதன்று. ஆனால் உப்புப் படிவு மணலைப் பற்றிக்கொள்ளும். அதனை உலர்ந்த துணியால் வழித்துத் துடைப்பவர், உப்புத்தாளால் தேய்ப்பவரை ஒப்பர்.

மூன்றாவதாகிய மருந்து, மனிதர் தாமே தேடிக்கொள்வது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஈரம் காட்டும் பொய்

மங்கிய வில்லையின்மேல் நீர் ஊற்றிப் பாருங்கள். உடனே அது புதியதுபோலத் தெளிவாகத் தோன்றும். காய்ந்தபின் பழைய மங்கலே திரும்பும். இதன் காரணம் அறிந்துகொள்ளத்தக்கது. மங்கல் என்பது பெரும்பாலும் எண்ணற்ற நுண்கீறல்களும் பள்ளங்களுமே. காற்றின் ஒளிவிலகல் எண் 1. பாலிகார்பனேட்டின் எண் 1.58 அளவு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை மிகுதியாகலின், கீறலின் ஒவ்வொரு சுவரிலும் ஒளி மடங்கிச் சிதறுகின்றது. நீரின் எண் 1.33. நீர் பள்ளங்களை நிரப்பியதும் வேற்றுமை குறைந்து, சிதறலும் குறைகின்றது. கீறல் நீங்கவில்லை, மறைந்திருக்கின்றது.

இச்சிறு சோதனையை நினைவில் வைத்தவர், சந்தையில் வழங்கும் பல வித்தைகளின் உண்மையைத் தாமே காண்பர். தேங்காயெண்ணெய் தடவினாலும், மண்ணெண்ணெய் தடவினாலும், மெழுகு பூசினாலும் வில்லை பளபளக்கும். அவையெல்லாம் நீர் செய்ததையே சற்று நீண்ட நேரம் செய்கின்றன. மழையொன்று பெய்தாலோ, எண்ணெயில் புழுதி ஒட்டினாலோ நிலைமை முன்னையினும் இழிந்ததாகும். எனவே வில்லை தெளிந்ததா என்பதை எப்போதும் நன்றாக உலர்ந்தபின்னரே முடிவு செய்யவேண்டும்.

விலக்கத்தக்கன

மேற்கூறிய இரவிற்குப் பிறகு யாம் செய்த பிழையை மறைக்காது கூறுகின்றோம். “பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்” என்று ஒருவர் கூறிய சொல்லை நம்பி, மறுநாளே ஒரு விளக்கை அங்ஙனம் துடைத்தோம். துடைத்தபோது அழகாகவே இருந்தது. சிறிது நேரத்தில் வில்லை முழுதும் சிலந்திவலை போன்ற நுண்வெடிப்புக்கள் ஓடின. அவை மேற்பரப்பில் மட்டுமின்றி ஆழமாகவும் சென்றமையால் தேய்த்து நீக்கவும் இயலவில்லை. அவ்விளக்கை முழுதும் மாற்ற நேர்ந்தது. வார்க்கும்போதே வில்லையினுள் தங்கிய இழுவிசை, இத்தகைய திரவம் பட்டதும் வெடிப்பாக வெளிப்படுகின்றது என்பதைப் பின்னரே கற்றோம்.

ஆதலின் பெட்ரோல், பெயின்ட் தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஆகியவை வில்லையின்மேல் ஒரு துளியும் படலாகாது. கொசுவை விரட்டப் பூசும் தைலத்தால் துடைக்கச் சொல்வாரும் உளர். அதிலுள்ள மருந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து வழவழப்பாக்குவதே அவ்வித்தை. அது விரைவில் முன்னினும் கேடாக முடியும். சலவைச் சோடா, அம்மோனியா முதலிய காரப் பொருள்களும் பாலிகார்பனேட்டைச் சிதைப்பன. பற்பசையில் நுண்ணிய தேய்ப்புப் பொடி உண்டு. அது சிறிது மங்கலைத் தேய்த்து நீக்கும் என்பது மெய்யே. ஆயினும் காப்புப் பூச்சை அது தருவதில்லை. எஞ்சியிருக்கும் பூச்சையும் தேய்க்கின்றது. ஆகவே சில வாரங்களில் மஞ்சள் திரும்பும்.

செய்முறை

முதலில் வில்லை கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று அறிக. விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் கண்ணாடி கணீரென்றும், பிளாஸ்டிக் மந்தமாகவும் ஒலிக்கும். வில்லையின் ஓரத்தில் பி.சி. என்றோ, ஐரோப்பிய முத்திரையின் அருகே பி.எல். என்றோ ரோம எழுத்துக்களில் வார்க்கப்பட்டிருந்தால் அது பிளாஸ்டிக்கே. கண்ணாடி வில்லையை உப்புத்தாளால் தேய்த்தால் அது கெட்டே போகும்.

இரண்டாவது, விளக்கை அணைத்து நன்றாக ஆறவிடுக. ஹாலொஜன் பல்பு மிகக் கடுமையாகச் சூடேறுவது. அதனைக் கழற்ற நேரிட்டால் கண்ணாடிப் பகுதியை வெறும் விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகச் சூடேறிப் பல்பு வெடிக்கக்கூடும்.

மூன்றாவது, நிழலும் காற்றடக்கமும் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துக. மணல் பறக்கும் கடற்கரைச் சாலையோரம் இதற்கு ஆகாது. முதலில் துணி தொடாமல் நிறைய நீர் ஊற்றி உப்பையும் மணலையும் போக்குக. பின்னர் மென்மையான சோப்பு நீரும் தூய பருத்தித் துணியும் கொண்டு கழுவுக. சுற்றியுள்ள பெயின்டின்மேலும் ரப்பர் விளிம்பின்மேலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுக. ஒருமுறை கைதவறினாலும் காரின் பெயின்ட் போய்விடும்.

நான்காவது, நிலைமையை ஆராய்க. இலேசான மங்கல் மட்டுமே இருந்து, பூச்சு உரியாதிருப்பின், பிளாஸ்டிக்குக்கென விற்கும் பாலிஷை மென்துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். மிகக் குறைவாகத் தேய்ப்பதே மிகச் சிறந்த முறை. பூச்சு செதிலாக உரிந்திருப்பின் அதனை முழுதும் நீக்கியாகவேண்டும். பாதி நீக்கிப் பாதி விட்டால் தேமல்போலத் திட்டுக்கள் நிற்கும்.

ஐந்தாவது, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, அதாவது பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என வழங்குவதைக் கொள்க. அதன் பின்புறம் உள்ள எண் மிகுந்தோறும் துகள் நுண்ணிதாகும். 1000 எண் தாளின் துகள் ஏறக்குறைய 18 மைக்ரான்; 2000 எண் தாளின் துகள் ஏறக்குறைய 10 மைக்ரான். மிகக் கெட்ட வில்லைக்கு 800 எண்ணில் தொடங்கி, 1000, 1500, 2000, 3000 என்று ஏறிச் செல்க. தாளைக் கால்மணி நேரம் நீரில் ஊறவைத்து, மெத்தென்ற ஸ்பாஞ்சின்மேல் சுற்றி, இடைவிடாது நீர் தெளித்துக்கொண்டு தேய்க்கவேண்டும். விரல்நுனியால் அழுத்தினால் குழி விழும். முதல் தாளால் இடவலமாகத் தேய்த்தால், அடுத்த தாளால் மேல்கீழாகத் தேய்க்க. முந்திய தாளின் கீறல்கள் முற்றும் மறைந்தன என்று கண்டபின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும். தாள் மாறுந்தோறும் வில்லையைக் கழுவி, வாளி நீரையும் மாற்றுக. பழைய நீரில் தங்கிய ஒரு பெருந்துகள் அதுவரை செய்த வேலை முழுதையும் கெடுத்துவிடும். முதலில் மஞ்சட்பால் போன்ற நீர் வடியும், பின் வெண்ணிறமாகும். மஞ்சள் நின்றதென்றால் கெட்ட தோல் நீங்கியது என்பது பொருள்.

இந்நிலையில் வில்லை முன்னினும் மங்கலாய், பனிபடர்ந்ததுபோலத் தோன்றும். தொடங்கியவர் பலர் இவ்விடத்திலேயே மனந்தளர்வர். அஞ்சவேண்டுவதில்லை. அம்மங்கல் ஒரே சீராக இருப்பின் வேலை செம்மையாக நடக்கின்றது என்று கொள்க.

உலர்ந்த தாளால் தேய்த்தல் கூடாது. பிளாஸ்டிக் துகள் மூச்சிற் கலக்கும். உராய்வின் சூட்டால் வில்லையும் கெடும். வடிந்த நீரை வாய்க்காலில் விடாமல் பழந்துணியால் ஒற்றியெடுத்துக் குப்பையிற் சேர்த்தல் நலம். நம் வாய்க்கால்கள் வயலுக்கும் கடலுக்குமே செல்கின்றன.

ஆறாவது, மென்துணியில் பாலிஷ் இட்டுச் சிறு வட்டமாகத் தேய்க்க. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையே. எஞ்சிய கீறல்கள் அவ்வளவினும் மிகச் சிறியவாகும்போது ஒளி அவற்றைப் பொருட்படுத்தாது நேரே செல்லும். நாம் தெளிவு என்பது அதுவே. பொறியால் தேய்ப்பவர் குறைந்த வேகத்திலேயே சுழற்றி, ஓரிடத்தில் நிறுத்தாது நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். பாலிகார்பனேட் 147 பாகை சென்டிகிரேடு அளவில் இளகத் தொடங்கும். நின்று சுழலும் சக்கரத்தின் அடியில் வில்லை வெந்து சுருங்குதல் அரிதன்று.

காப்புப் பூச்சு

பலர் இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணி வண்டியை எடுத்துச் செல்வர். இதுவே பெரும்பிழை. இப்போது வில்லை தெளிவாயுள்ளது. ஆனால் முன்னிருந்த காப்பு ஒரு சிறிதும் இல்லை. ஆடையின்றி வெயிலில் நிறுத்திய குழந்தையை அஃது ஒக்கும். நம் நாட்டு வெயிலில் சில திங்களிலேயே மீண்டும் மஞ்சளித்துவிடும். ஆகையால் முகவிளக்கு வில்லைக்கென்றே செய்யப்பட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று குறித்திருக்கும் தெளிந்த பூச்சை அன்றே பூசவேண்டும். அல்லது அத்தகைய ஒளிபுகும் பிலிமை ஒட்டவேண்டும். மெழுகு இதற்கு ஈடாகாது. சிலமுறை கழுவினால் அது போய்விடும்.

பூசுமுன் வில்லையில் பாலிஷின் பசை இருத்தலாகாது. பூச்சுடன் வரும் துடைப்புத் துணியாலோ, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது தோய்த்த துணியாலோ துடைத்து உலரவிடுக. பின்னர் மெல்லிய பூச்சாக ஒன்றன்பின் ஒன்றாகப் பூசுக. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இதனைச் செய்தல் வேண்டா. காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெண்மேகம்போல் நின்றுவிடும். பங்குனி தொடங்கி ஆவணி வரையுள்ள மழையற்ற நாளொன்றில், பனி நீங்கிய காலைப்பொழுதில், நிழலில் செய்வது நன்று. ஒரு பகலும் ஓர் இரவும் மழையும் பனியும் படாது காக்க.

இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட் நெடுநாள் நிற்பது. ஆனால் அதனைக் கெட்டியாக்கும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் புகை மூச்சுக்குழலைத் தாக்கி, மாறாத ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. மூக்கில் கட்டிய கைக்குட்டையும், சாதாரண முகமூடியும் அதனைத் தடுக்கமாட்டா. அவ்வேலையை உரிய மூச்சுக்காப்பு உடைய பெயின்ட் பட்டறைக்கே விடுதல் வேண்டும். அப்பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்க்கு அக்காப்பு உண்டா என்று கேட்பதும் நம் கடமையே.

பின்விளக்கும் உள்நீரும்

பின்புறச் சிவப்பு விளக்கின் வில்லை பெரும்பாலும் பாலிகார்பனேட் அன்று. அக்ரிலிக் என்னும் வேறு பிளாஸ்டிக். அது வெயிலை நன்கு தாங்கும், எளிதில் மஞ்சளிக்காது. கழுவி, இலேசாகப் பாலிஷ் செய்தாற் போதும். ஆனால் சாராய வகைகள் அதற்குப் பகை. ஸ்பிரிட் தோய்ந்த துணி பட்டால் வெடிப்பு ஓடும். முன்விளக்கிற்கு உதவிய துடைப்பு பின்விளக்கிற்குக் கேடாதலின், இரண்டையும் ஒன்றென்று கொள்ளற்க.

மழைக்காலத்தில் வில்லையின் உட்புறம் மெல்லிய நீராவி படிந்து, விளக்கெரிந்த சிறிது நேரத்தில் மறைவது குற்றமன்று. காற்று வந்துபோகும் துளை விளக்கிலேயே உண்டு. உள்ளே நீர் தேங்கி நின்றால், பின்புற ரப்பர் மூடியோ விளிம்பின் பசையோ கெட்டது என்று அறிக. அடியில் துளையிட்டு நீரை வடிப்பது தகாது. அத்துளை வழியே புழுதியும் ஈரமும் புகுந்து பிரதிபலிப்பானின் பூச்சைக் கெடுக்கும். விளக்கைக் கழற்றி உலர்த்தி, மூடியை மாற்றுதலே முறை.

கைவிடும் இடம்

வில்லையில் வெடிப்பு ஆழமாகச் சென்றிருந்தாலும், மஞ்சள் உட்புறத்தில் இருந்தாலும், பிரதிபலிப்பான் கறுத்துப்போயிருந்தாலும் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அவ்விளக்கை மாற்றுவதே கடன். தெளிவித்த வில்லையும் புதியதற்கு முற்றும் நிகராகாது என்பதை மேற்கூறிய கணக்கே காட்டும். அன்றியும் ஒவ்வொரு முறையும் வில்லை சிறிது மெலிகின்றது.

இறுதியாக, ஒளி விழும் திசையைப் பார்த்துக்கொள்க. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தி, தாழ்ந்த ஒளியை ஏற்றுக. பொதுவாக ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தினும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழவேண்டும். வண்டிக்கு வண்டி இது சிறிது வேறுபடுமாதலின், அதன் குறிப்பேட்டைப் பார்த்தல் நலம். மங்கிய விளக்கால் தொல்லையுற்று அதனை மேல்நோக்கித் திருப்பி வைத்தவர்கள், தெளிவித்தபின் அதனைத் தாழ்த்த மறந்தால், எதிரே வருவாரைக் குருடாக்குவர்.

முடிவுரை

எம் நண்பரின் காரில் எஞ்சியிருந்த மற்றொரு விளக்கை மேற்கூறிய முறைப்படி ஓர் அரைநாளில் தெளிவித்தோம். செலவு சிறிது, வேண்டியது பொறுமையே. அடுத்த ஆண்டுத் திருவிழாவில், அதே சாலையில், அதே ஓட்டுநருடன் மீண்டும் சென்றோம். நெடுந்தூரத்திலேயே மூட்டை தாங்கிய தலைகள் சில ஒளியில் தென்பட்டன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஒளியைத் தாழ்த்தி, அவர்களைச் சுற்றி விலகிச் சென்றார். அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. தம் பொருட்டு ஒருவர் அரைநாள் குனிந்து நின்று தேய்த்தார் என்பதை அவர்கள் அறியார், அறியவேண்டுவதும் இல்லை. ஊர்தி உடையார் ஒவ்வொருவரும் இன்று மாலையே தம் விளக்கை ஒருமுறை, உலர்ந்த நிலையில், உற்று நோக்குவாராயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.